நடுவில் இருந்த எட்டு ஆண்டுகள்

சென்ற முறை உயர்தரப் பரீட்சையில் நான் எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்கவில்லை. இரண்டாந்தரம் தோற்றுவதா, வேறு வழி பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், முன்பு ஒரு பேச்சுப் போட்டிக்காக எழுதிய தாள்கள் மேசை லாச்சியில் அகப்பட்டன. தலைப்பு: அறிஞர் சித்திலெப்பை. ஆண்டுகளையெல்லாம் அன்று மனனம் செய்து ஒப்புவித்திருந்தேன். 1884க்கும் 1892க்கும் இடையில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று மட்டும் ஒரு கணமும் யோசித்ததில்லை.

முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையும் சட்டத்தொழில் செய்தவர். மகன் அறபு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கற்றார். 1862இல் மாவட்ட நீதிமன்றப் புரக்டரானார்; 1864இல் உயர் நீதிமன்றப் புரக்டர். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார், நீதவானாகவும் கடமையாற்றினார். ஒரு மனிதருக்குப் போதுமான வெற்றிதான். இதனோடு நின்றிருந்தால் நாம் அவரை மறந்திருப்போம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாருடையவை. அங்கே அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று நம்மவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் படிக்காமலே போனார்கள். 1882 டிசம்பரில் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது, தமிழிலும் அறபுத் தமிழிலும் அதில் வெளியிட்டார். அறபெழுத்து மட்டும் தெரிந்தவரையும் எட்டவேண்டுமல்லவா?

அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷா கொழும்பு வந்திறங்கினார். சித்திலெப்பைக்கு அவர் பெரும் துணையானார். 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது.

அது நிலைக்கவில்லை.

என் பேச்சில் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டியிருந்தேன். இப்போது அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். அவருக்கு அப்போது வயது 46. தொழிலும் பெயரும் இருந்தன. கண்டிக்குத் திரும்பி வழக்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ பத்திரிகையில் கல்வியைப் பற்றியே மீண்டும் மீண்டும் எழுதினார். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பாடத்தில் படிப்பது அதைத்தான். பிள்ளைகளுக்குப் பாடநூல் இல்லையென்று கண்டு அவற்றையும் தாமே எழுதினார். பாடசாலைக்கு ஆள் சேர்ப்பதற்கு முன், பாடசாலை வேண்டும் என்ற எண்ணத்தை வீடு வீடாக உண்டாக்கவேண்டியிருந்தது போலும். அது ஒரு வருடத்தில் முடிகிற வேலையல்ல.

1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை திறந்தார். அதை நடத்தும் பொறுப்பைத் தம் சகோதரியிடம் கொடுத்தார். ஆண்பிள்ளைகளை அனுப்பவே தயங்கிய காலம் என்பதை இதை வாசிக்கும் என் தோழியர் நினைத்துப் பார்க்கவேண்டும்.

மறு ஆண்டு, 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி, மருதானைப் பள்ளிவாசல் வளவில் ‘அல் மத்ரஸதுல் கைரியதுல் இஸ்லாமியா’ ஆரம்பமானது. ஒறாபி பாஷாவும் உடனிருந்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் இந்த முயற்சியில் தோள் கொடுத்தார். இம்முறை பாடசாலை மூடப்படவில்லை. ஸாஹிரா என்ற பெயர் 1913இல்தான் அதற்கு வந்தது. சித்திலெப்பை அதைக் கேட்கவில்லை. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி மௌத்தாகிவிட்டார். மருதானையில் அவர் கண்டது ஒரு சிறிய மத்ரஸாவை மட்டுமே.

என் தம்பி இப்போது அங்கேதான் படிக்கிறான். சென்ற மாதம் பெற்றார் கூட்டத்துக்கு வாப்பாவுடன் நானும் போனேன். வெள்ளவத்தைக்குத் திரும்பும் ரயிலில், கடல் தெரியத் தொடங்கியதும், என் தீர்மானத்தை வாப்பாவிடம் சொன்னேன். எட்டு வருடம் கேட்கவில்லை, ஒரு வருடம்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சரியென்றார். மூத்தம்மாவிடம்தான் இன்னும் பேசவேண்டியிருக்கிறது.