பரகால நாயகியான திருமங்கை மன்னன்

சோழவளநாட்டில் சீர்காழிக்கு அண்மையிலுள்ள திருக்குறையலூரில் நீலன் என்னும் பெயரோடு அவதரித்தவர் திருமங்கையாழ்வார். 8-ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆராய்ச்சியாளர். சோழனின் படைத்தலைவராய்ப் பகைவர்க்குக் காலனாக நின்றமையால் பரகாலன் எனப் பெற்றார்.

குமுதவல்லி நாச்சியாரை மணக்கும்பொருட்டு, நாள்தோறும் 1008 அடியார்க்கு ஓராண்டுக் காலம் அமுது செய்விக்க இசைந்தார். கைப்பொருள் தீர்ந்தது, வழிப்பறியில் இறங்கினார். மணவாளக் கோலத்தில் வந்த எம்பெருமானையே மறித்து அணிகலன் யாவும் கவர்ந்தார் என்றும், கட்டிய மூட்டை பெயராமல் திகைத்தவர்க்குத் திருமாலே எட்டெழுத்தை உபதேசித்தருளினான் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும்.

இத்தகைய வாள்வீரர் தம் பாசுரங்களில் பெண்ணாகிப் பேசியதே வியப்பு. அவர் அருளிய ஆறு பிரபந்தங்களுள் திருநெடுந்தாண்டகம் 30 பாசுரங்களைக் கொண்டது. முதற்பத்தில் பேசுபவர் ஆழ்வார். இரண்டாம் பத்தில் ஒரு தாய். மூன்றாம் பத்தில் அவள் மகள் பரகால நாயகி. பாவையையும் மறந்து திருவரங்கம் எங்கேயென்று வினவும் மகளைக் கண்டு கலங்கி, தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். கடல்வண்ணன் செய்த நோய் என்ற விடை வருகிறது. இனி யாரைக் கொண்டு தடுப்பது? பெற்றவள் சொல்லும் இம்மகள் செவியில் ஏறவில்லை. தான் வளர்த்த கிளி எம்பெருமான் திருநாமங்களை மொழியக் கேட்டு, அக்கிளியையே கைகூப்பித் தொழுகிறாள். பெண்ணைப் பெற்ற வயிற்றின் எரிச்சலையும் பெருமிதத்தையும் ஒருங்கே காட்டும் இடம் இது.

மகளோ கைவளையும் மேகலையும் காணேன் எனத் தவிக்கிறாள். அன்று மணவாளனின் அணிகளைக் கவர்ந்தவர், இன்று அவனிடம் தம் அணிகளை இழந்து நிற்கிறார்! திருக்கண்ணபுரத்துக்குத் தூது செல்லும் நாரைக்கு வயல்மீன்களைத் தருவதாக அவள் ஆசை காட்டுவதும் பேதைப் பெண்ணின் இயல்பே.

ஆயினும் இவள் வெறும் பேதையல்லள். காதலியைப் பெறாத ஆடவன் பனைமடலால் செய்த குதிரையேறி, ஊரறியத் தன் காதலை வெளியிடுவது பழைய வழக்கு. பெண்டிர் மடலேறுதல் தகாது என்பது தொல்காப்பிய நெறி. ஆழ்வாரின் நாயகியோ இரு திருமடல்களிலும் மடலூர்வேன் எனச் சூளுரைக்கிறாள். தென்மொழி மரபை மறுத்து வடநெறியே விரும்பினேன் என்று வழக்காடவும் செய்கிறாள். ஆடவராய் நின்று மடலேறுவதாகப் பாடியிருப்பின் அது மரபுக்கு உட்பட்ட செயலே. நாணமும் குடிப்பழியும் உடைய பெண்ணாய்ப் பாடியதாலன்றோ அவர் இழக்கத் துணிந்ததன் அளவு புலனாகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவையில் கட்டுவிச்சிப் பாசுரம் முத்துக்குறியாக அபிநயிக்கப்படுகிறது. அங்கே தாயாகக் கலங்குபவரும், குறி சொல்லும் கட்டுவிச்சியாக முத்துக்களைப் பரப்புபவரும், மகளாக உருகுபவரும் அரையர் ஒருவரே.