நடக்க முடியாதவரின் கடல்

நிலாவெளிக் கடற்கரையில் சக்கர நாற்காலி பத்தடிகூட உருளாது. முன்சில்லு இரண்டும் மணலுக்குள் புதைந்து, நாற்காலி முன்பக்கமாகச் சாயத் தொடங்கிவிடும். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொண்டோம். அவர் முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவர். 2009 வைகாசியில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கடல் அவருடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். என்றாலும் பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவர் உப்புத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வைக்க வழியிருக்கவில்லை.

நாங்கள் தங்கிய விடுதியின் பெயர் இங்கே வேண்டாம். தொலைபேசியில் கேட்டபோது சாய்தளம் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் சாய்தளம் வரவேற்பு மேசை வரைக்கும்தான். அறைக்குள் போக மூன்று படி, குளியலறைக் கதவோ நாற்காலியை விட ஒடுக்கம். கடைசியில் விடுதிப் பொடியன்கள் இரண்டு பேர் ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் கொண்டு வந்தார்கள். ஒன்றை எடுத்து மற்றதற்கு முன்னால் போட்டுப் போட்டு நாற்காலியை ஈர மணல் வரைக்கும் நகர்த்தினோம். அந்த இடைவேளைகளில் சித்தப்பாவின் பொறுமையைச் சோதிக்காமல் இருக்க நான் ஆர்தர் சி. கிளார்க்கின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில் செய்மதி பற்றிய ஒப்படைக்காக அவரைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அப்போது என் கண்ணில் படாத ஒரு கிளார்க் இருந்தார் என்பது சித்தப்பாவுடைய நாற்காலியைத் தள்ளிய பிறகுதான் புரிந்தது.

1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் சமர்செட்டிலுள்ள மைன்ஹெட் என்ற கடலோரப் பட்டினத்தில் பிறந்தவர் அவர். பண்ணைக் குடும்பம். பதின்மூன்று வயதில் தகப்பன் இறந்துபோனார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ராடர் பிரிவில் வேலை செய்தார். 1945இல், இருபத்தேழு வயதில், ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் கட்டுரையொன்றை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும், மூன்று நிலையங்கள் போதும் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்ப என்பது அதன் சாரம். அந்தச் சுற்றுப்பாதையை இன்றும் அவருடைய பெயராலும் அழைக்கிறார்கள். புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் வன்னியின் கடைசி மாதங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்தப் படங்கள் கடந்து வந்த பாதையும் அதுதான். சித்தப்பாவுக்கு இந்தப் பகுதி அவ்வளவு சுவைக்கவில்லை. கடலுக்கு வா என்றார்.

கிளார்க்கைக் கடலுக்கு இழுத்ததும் விண்வெளிதான். எடையில்லாமல் இருப்பது எப்படி என்று பூமியில் உள்ள ஒருவர் அறிய வேண்டுமானால் தண்ணீருக்குள் இறங்குவது மட்டுமே வழி என்று அவர் நினைத்தார். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைப் பாறைகளைப் பார்க்கக் கப்பலேறினார். கப்பல் கொழும்பில் தரித்தது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணிபுரிந்த சுழியோடி ரொட்னி ஜொங்க்ளாஸை அந்தச் சில மணி நேரத்தில் சந்தித்தார். இலங்கைக் கடலைப் பற்றி அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. 1956இல் நண்பர் மைக் வில்சனோடு இங்கே வந்தார். விடுமுறைக்கு வருகிறவர்கள்போல வந்தவர் இறக்கும்வரை போகவில்லை.

அந்த ஆண்டிலேயே இருவரும் திருகோணமலைக்கு வந்து கோணேசர் மலையின் அடிவாரத்தில் சுழியோடினார்கள். போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கடலுக்கடியில் கிடந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த இலங்கைக் கடல் பற்றிய நூலில் கிளார்க் அவற்றை விவரித்து எழுதினார். வில்சன் கடலடியிலிருந்து கண்டெடுத்த இலிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது. மீளக் கட்டப்பட்ட கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. வில்சன் பிற்காலத்தில் காவி உடுத்து முருக பக்தராகி, சிவ கல்கி சுவாமி என்ற பெயரோடு வாழ்ந்தவர். இந்த இடத்தில் சித்தப்பா நாற்காலியைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். எந்தப் பக்கத்தில், இராவணன் வெட்டுக்கு வடக்கேயா தெற்கேயா, எத்தனை பாகத் தண்ணீரில் என்று கேட்டார். கடற்றொழிலாளிக்கு இடமும் ஆழமும்தான் கதை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

1961இல் தென்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் பாஸஸ் பாறைத்தொடரில் வில்சன் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார். அதில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கட்டியாக இறுகிக் கிடந்தன. 1702இல் அச்சிட்ட காசுகள். கிளார்க்கின் வாழ்க்கை அப்போது ஓர் உச்சத்தில் இருந்தது என்று சொல்லலாம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கடையின் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கை கால் விழுந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. முதலில் முள்ளந்தண்டுக் காயம் என்று நினைத்தார்கள். அது போலியோ என்பது பின்னர்தான் தெரியவந்தது.

படுத்த படுக்கையிலிருந்து எழும்பி வந்த அந்தக் காலத்தில் அவர் எழுதியது ஒரு சிறுவர் நாவல். பெருந்தடுப்புப் பாறைகளில் உள்ள ஒரு சின்னத் தீவு, அங்கே ஓங்கில்கள், அநாதைப் பையன் ஒருவன். அவுஸ்திரேலியாவில் முன்பு தான் சுழியோடித் திரிந்த ஹெரன் தீவு அவருக்கு மனதில் இருந்திருக்கும். இனிக் கடலுக்குள் இறங்கவே முடியாமல் போகலாம் என்ற எண்ணத்தில், கடலிடம் விடைபெற எழுதிய புத்தகம் அது. நடக்க முடியாத ஒருவர் கட்டிலில் இருந்தபடி ஒரு வெப்பமண்டலத் தீவை வெயிலோடும் அலையோடும் கட்டி எழுப்பியிருக்கிறார். அவருடைய பெரிய நாவல்களைவிட இதுதான் எனக்கு நெருக்கம். விமர்சகர்கள் உடன்பட மாட்டார்கள்.

விடைபெற வேண்டி வரவில்லை. மெல்ல மெல்ல நடந்தார், தண்ணீருக்கும் திரும்பினார். தரையில் காற்றுச் சிலிண்டரின் பாரம் முதுகை அழுத்தும். படி, கதவு நிலை, வழுக்கும் நிலம் எல்லாம் எதிரி. தண்ணீருக்குள் போய்விட்டால் உடலின் பாரத்தைக் கடல் தாங்கிக்கொள்கிறது. பலம் குறைந்த கால்கள் அங்கே பெரிய குறையல்ல. சிரமம் முழுவதும் உள்ளே இறங்குவதிலும் வெளியே ஏறுவதிலும்தான் இருக்கிறது. அதற்குத் துணைக்கு ஆட்கள் வேண்டும். கிளார்க்குக்கு ஆட்கள் இருந்தார்கள். ஹெக்டர் ஏக்கநாயக்கவோடு சேர்ந்து சுழியோடும் நிறுவனம் ஒன்றையே ஆரம்பித்து, ஹிக்கடுவையில் நடத்தினார். கொழும்பில் ஒட்டர்ஸ் கழகத்துக்குப் போய் மேசைப்பந்து விளையாடுவார். நிற்கச் சிரமப்பட்ட காலத்தில் மேசையிலேயே சாய்ந்துகொண்டு விளையாடினார், இளையவர்களைத் தோற்கடிக்கவும் செய்தார்.

போலியோ போய்விட்டு ஆறுதலாகத் திரும்பி வரும் நோய். முதல் தாக்குதலில் பல நரம்புக் கலங்கள் இறந்துபோக, மிஞ்சியவை புதுக் கிளை விட்டு அநாதையான தசைநார்களையும் இயக்கத் தொடங்கும். இருபது, முப்பது வருடம் இரட்டிப்பு வேலை செய்து அவையும் களைத்துவிடும். அப்போது பழைய பலவீனம் மறுபடி வரும். கிளார்க்குக்கு 1980களில் இது தொடங்கியது. முதலில் இதைவிடக் கொடிய நரம்பு நோய் என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். 1988இல் போலியோவுக்குப் பிந்திய பாதிப்புத்தான் என்று உறுதியானபோது அவருக்கு எழுபது வயது. பிறகு சக்கர நாற்காலி வந்தது. முதலில் இடைக்கிடை, கடைசியில் எப்போதும்.

அந்த நாற்காலியிலிருந்துகொண்டே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 2002 வரை இருந்தார். காலிமுகத்திடல் ஹோட்டலில் தங்கி, கடலைப் பார்த்தபடி, 3001 நாவலின் கடைசி அத்தியாயங்களை எழுதினார். 2004 சுனாமி ஹிக்கடுவையில் இருந்த சுழியோடும் நிலையத்தைப் படகுகளோடு கொண்டுபோனது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நெருடலும் உண்டு. அவருடைய தீவும் எங்களுடைய தீவும் ஒன்றல்ல. 1970களில் அவரைப்போன்ற வெளிநாட்டவர்கள் வரிச்சலுகையோடு தங்குவதற்கு அரசு ஏற்பாடு செய்து கொடுத்தது, மக்கள் அதற்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். கொழும்பு 7இல் பார்ன்ஸ் பிளேஸில் பெரிய வீடு, பணியாளர்கள், தூக்கிவிட நாலு பேர். 1983 ஆடியில் கொழும்பு எரிந்தபோதும் அவருடைய முகவரி அதுதான். அவர் உலகத்துக்கு எழுதிக் காட்டிய திருகோணமலைக் கடல், போர்க்காலம் முழுக்க எங்கள் ஆட்களுக்குப் பாஸும் தடையும் சோதனையும். கோணேசர் கோயிலுக்கு இன்றும் இராணுவ முகாம் இருக்கும் கோட்டைக்குள்ளால்தான் போகிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது, பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. கிளார்க்கின் உயிர் இருந்தபோதே வந்தவை. மூன்று படி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆனாலும் 2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளில், அவர் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்கு ஆதாரம் கிடைக்க வேண்டும், மனிதர் எண்ணெய் எரிப்பதை விட வேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம். அதற்கடுத்த மாதம் போர்நிறுத்த உடன்படிக்கை உத்தியோகபூர்வமாகச் செத்தது. 2008 மார்ச் 19ஆம் திகதி கிளார்க் இறந்தார். எந்தச் சமயச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தபடி பொரளைக் கனத்தையில் அடக்கம் செய்தார்கள். சித்தப்பா ஷெல் பட்டு விழுந்தது பதினான்கு மாதங்கள் கழித்து.

ஈர மணலில் நாற்காலியை விட்டோம். நான் ஒரு பக்கம், பொடியன்கள் மறுபக்கம் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் அவரைக் கொண்டுபோனோம். தாதி ஒருவர் முன்கூட்டியே சொல்லித் தந்திருந்தார்: உணர்வில்லாத காலில் முருகைக்கல் வெட்டினாலும் தெரியாது, தடித்த காலுறையும் சப்பாத்தும் போட்டு இறக்குங்கள், வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, இடுப்பு, குதிக்கால் எல்லாம் தோலைப் பாருங்கள், மணல் ஒட்டியிருந்தால் படுக்கைப்புண் அதிலிருந்தே தொடங்கும். அப்படியே செய்தோம். வெயில் ஏறுவதற்கு முன், சித்திரை மாதக் கடல் குளம்போலக் கிடந்தது.

தோளுக்கடியில் கை கொடுத்து மல்லாக்காகப் படுக்க வைத்தபோது சித்தப்பாவின் கால்கள் தாமாக மேலே மிதந்து வந்தன. அவர் தலையை நிமிர்த்தி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடு என்றார். எனக்குப் பயம். அவர் திரும்பவும் சொன்னார், இந்த முறை அதட்டலாக. எடுத்தேன். இரண்டு கையாலும் தண்ணீரை வலித்துக்கொண்டு புறாத்தீவு தெரிகிற பக்கமாக ஏழெட்டு முழம் போனார். பிறகு தானாகவே திரும்பி வந்தார்.

நாற்காலிக்குத் திரும்பிய பிறகு அவர் பேசியது பலகையைப் பற்றித்தான். ஒட்டுப்பலகை ஊறிவிடும், பழைய வள்ளப் பலகை என்றால் நல்லது, ஆறடியில் நாலு துண்டு போதும் என்றார். ஊருக்குப் போனதும் அவரே அறுத்துத் தருவாராம்.