எம்.சி.ராஜா: பட்டதாரியின் வேலைக்காக வாதாடியவர்

சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா விடுதியைத் தெரியாத பட்டியலின மாணவர் குறைவு. ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்குச் சென்னையில் கிடைத்த முதல் முகவரி அது. 10 தளங்கள் கொண்ட புதிய கட்டிடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கே தங்கிப் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள், அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது அவசியம். அவர்கள் நிரப்பும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவருடைய உழைப்பு இருக்கிறது.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். பெயரில் உள்ள ‘எம்’ மயிலாப்பூரைக் குறிக்கும். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். படித்த ஆதிதிராவிடருக்கு அன்று எட்டக்கூடிய வேலைகள் மிஷன் பள்ளி, ராணுவம், ரயில்வே, வெள்ளையர் கம்பெனி என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ராஜா ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார்.

அந்த வேலையோடு அவர் நின்றிருக்கலாம். குடும்பம் நிமிர்ந்திருக்கும். ஆனால், தன் வகுப்பறையைத் தாண்டிவரும் பிள்ளை அடுத்து எங்கே போவான் என்ற கேள்வி அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்து வந்தது. 1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920-க்குப் பின் அமைந்த சென்னை சட்டசபையில் நீதிக்கட்சி சார்பில் இடம்பெற்றார்.

சபையில் அவர் எடுத்த முதன்மையான முயற்சிகளில் ஒன்று பெயர் பற்றியது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என்று குறிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1922-ல் அது ஏற்கப்பட்டது. சான்றிதழிலும் விண்ணப்பத்திலும் இழிசொல்லாக நின்ற பெயரைச் சுமந்துகொண்டு அதிகாரியின் மேசை முன் நிற்க வேண்டியவனுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

அடுத்து வேலைப் பங்கீடு. நீதிக்கட்சி அரசு 1921-ல் வகுப்புவாரி அரசாணையை வெளியிட்டது. அரசுப் பணிகளில் பிராமணரல்லாதார் இடம்பெற வழிசெய்த அந்த ஆணையில் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிப் பங்கு குறிக்கப்படவில்லை. ராஜா தூதுக்குழுவுடன் சென்று முறையிட்டார். பலன் இல்லை. அதே ஆண்டு பின்னி ஆலை வேலைநிறுத்தத்தையொட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. கட்சியின் முன்னணித் தலைவர்கள் ஆதிதிராவிடர் மீதே பழிபோட்டார்கள். 1923-ல் ராஜா கட்சியை விட்டு வெளியேறினார்.

1927-ல் வெளியான அரசாணை 12 பணியிடங்களைப் பிரித்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியர் ஆகிய ஒவ்வொரு பிரிவினருக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. மக்கள்தொகைப் பங்கைவிடக் குறைவுதான். ஆனாலும் எழுத்தில் ஏறிய முதல் எண் அது.

அதே 1927-ல் ராஜா மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கு ஒடுக்கப்பட்டோரின் முதல் பிரதிநிதி அவர். 1932-ல் மூஞ்சேயுடன் அவர் செய்த ஒப்பந்தம் தனித் தொகுதி கேட்ட அம்பேத்கருக்கு எதிராகப் பயன்பட்டது. அந்த விமர்சனத்தை மறைக்கத் தேவையில்லை. பின்னாளில், 1942-ல், கிரிப்ஸ் தூதுக்குழுவை அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே சந்தித்தார்கள்.

பூனா ஒப்பந்தத்தைத் தொகுதிக் கணக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அரசுப் பணிகளில் நியாயமான இடம் தர முயல வேண்டும், ஒவ்வொரு மாகாணமும் கல்வி நிதியில் போதிய தொகையை ஒதுக்க வேண்டும் என்ற ஷரத்துகளும் அதில் உண்டு. கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனோடு ராஜாவும் ஒருவர்.

1937-ல் மூன்று மாதம் நீடித்த கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு அமைச்சரவையில் அவர் அமைச்சராக இருந்தார். 1938-ல் அவருடைய முயற்சியால் நிறைவேறிய சமூக இயலாமைகள் ஒழிப்புச் சட்டம், குளம், கிணறு, சாலை உரிமைகளோடு பதவி உரிமையையும் சொன்னது. ஒருவர் தாழ்த்தப்பட்டவர் என்பதாலேயே அரசு சார்ந்த பதவிக்குத் தகுதியற்றவர் ஆகமாட்டார் என்று அது விதித்தது.

1943 ஆகஸ்டில் ராஜா காலமானார். அதே மாதத்தில்தான், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்தபோது, மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீதம் ஒதுக்கும் ஆணை வெளியானது. வயதுத் தளர்வும் தேர்வுக் கட்டணச் சலுகையும் அதோடு வந்தன. 8.33 என்பது பன்னிரண்டில் ஒன்று.

இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். சாந்தோம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டத்தைப் பதிந்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த தலைமுறை போய்விட்டது. இப்போது அறிவிக்கை வந்த அன்றே இனசுழற்சிப் பட்டியலையும் பின்னடைவுப் பணியிடங்களையும் பார்க்கத் தெரிய வேண்டும். நிரப்பாமல் விட்ட இடம் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கத் தெரிய வேண்டும். தாட்கோவின் பயிற்சிகளை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் துறையில் இந்தச் சுழற்சி எதுவும் கிடையாது. அடையாறு தாண்டி ராஜீவ் காந்தி சாலையில் வரிசையாக நிற்கும் நிறுவனங்களில் வேலை கிடைக்க, உள்ளே இருக்கும் ஒருவரின் பரிந்துரை பெரிய துணை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படிச் சித்தப்பாவோ அத்தானோ இருப்பதில்லை. எனவே, ஏற்கெனவே உள்ளே போனவர்கள்தான் அந்த உறவாக வேண்டும். தம்பி தங்கைகளின் தன்விவரக் குறிப்பைத் திருத்திக் கொடுங்கள். நேர்காணலுக்குப் பழக்குங்கள். காலியிடம் வந்தால் முதலில் விடுதிக்குச் சொல்லி அனுப்புங்கள். தான் பெற்ற ஆசிரியர் வேலையோடு நின்றுவிடாத ராஜாவுக்கு நாம் செலுத்தும் கடன் அதுதான்.