ஞானாம்பாளைப் படைத்த முன்சீப்

கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பாடம் கெட்டுவிடும் என்று வீட்டில் பெரியோர் கண்டிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் தமிழின் முதல் நாவலை எழுதியவர், நீதி தவறாதவர் என்று பெயரெடுத்த ஒரு முன்சீப்! மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களை நினைக்கும்போது இந்த விந்தையே முதலில் நம் முன் நிற்கிறது.

1826-ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்று, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்னர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். வழக்காடும் மக்களுக்கே விளங்காத மொழியில் தீர்ப்பு இருப்பது அவர் மனத்தை உறுத்தியது. ஆகவே 1805 முதல் 1861 வரையிலான உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தந்தார்.

தேவமாதாவின் மீது அந்தாதி பாடிய அவரே சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் இயற்றினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர்; அவர்மீது குளத்துக்கோவை பாடியவர். 1876-78 பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்த வேதநாயகரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாகவே பாடிப் போற்றினார். தம் வேதத்தில் உறுதியாக நின்ற ஒருவர் பிறருக்கு அந்நியராக வேண்டியதில்லை என்பதை அவர் வாழ்ந்தே காட்டிவிட்டார்.

நாவலுக்கு வருவோம். 1859-இல் நீதிநூல், 1869-இல் பெண்மதி மாலை என்று அவர் முன்பே செய்யுளில் நல்லுரை கூறியிருந்தார். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடியிருந்தார். ஆனால் செய்யுள் கற்றவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவும், தாம் சொன்ன நீதிகளை மனிதர்களின் வாழ்வில் வைத்துக் காட்டவும் எண்ணி, 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார்.

செல்லப்பிள்ளையாக வளர்ந்த பிரதாபன் தன் கதையைத் தானே சொல்கிறான். ஆனால் நம் மனத்தில் தங்குபவள் அவன் மனைவி ஞானாம்பாள்தான். காணாமற்போன கணவனைத் தேடி ஆண் உடையில் புறப்படுகிறாள். விக்கிரமபுரியில் யானை மாலையிட, அரசனாகிறாள்! செவ்வனே நாடாள்கிறாள், நீதி வழங்குகிறாள்.

கதைக்குள் கதையாகக் கிளைத்துக்கொண்டே போவதால் நடுவில் சற்று அலுப்புத் தட்டுவதும் உண்மை. இன்னொன்றும் நமக்கு வருத்தமே. அரியணை ஏற அவள் ஆண்வேடம் பூண வேண்டியிருந்தது; பிறகு அரசை விட்டு வீடு திரும்புகிறாள். ஏன் பெண்ணாகவே ஆளக்கூடாது என்று நம்மில் சிலர் கேட்டோம். எழுத்தறிந்த பெண்களே அரிதாயிருந்த காலத்தில் அவ்வளவு தூரம் சென்றதே பெரிது என்றனர் சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை!

முன்சீப் அவர்களும் அவ்வழக்கை அத்துடன் முடித்துக்கொள்ளவில்லை. 1887-இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் நாவலை வெளியிட்டார். அதிலும் பெண் கல்வியை வற்புறுத்தினார், குழந்தை மணத்தைக் கண்டித்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1889 ஜூலை 21-ஆம் நாள், இறைவனடி சேர்ந்தார்.