கில் ஹொட்ஜஸ்: வீழ்ந்தவர் எழுப்பிய இளைஞர்கள்

விளையாட்டு வீரர் ஒருவரின் சரிதையை இலக்கியப் பகுதியில் எழுதுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறக்கூடும். தான் வீழ்ந்தபோது கற்றதைப் பிறர் எழுவதற்கு உதவிய எவருடைய வாழ்வும் கற்றோர் கவனத்துக்குரியதே என்பது என் கருத்து. அத்தகையோருள் ஒருவர் அமெரிக்க பேஸ்போல் வீரர் கில் ஹொட்ஜஸ்.

1924ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, இந்தியானா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1943இல் புரூக்ளின் டொட்ஜேர்ஸ் அணிக்காக ஒரேயோர் ஆட்டம் ஆடியபின் போருக்குச் சென்று, ஒக்கினாவாப் போர்முனையில் பணியாற்றி மீண்டார். பின்னர் அவ்வணியின் தூண்களுள் ஒருவரானார்.

1952இல் நடைபெற்ற உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களில், 21 வாய்ப்புகளில் ஒருமுறையேனும் அவரது அடி பயன்தரவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் தளர்ச்சி நீடித்தது. புரூக்ளின் மக்களோ அவரை இகழ்ந்தாரல்லர். தேவாலயத்தில் அவருக்காகப் பிரார்த்திக்குமாறு குருவானவர் ஒருவர் வேண்டினார். அவ்வாண்டிலேயே அவர் தம் ஆற்றலை மீட்டுக்கொண்டார். 1955இல் புரூக்ளின் முதன்முதலாக உலகப் பட்டம் பெற்றபோது, இறுதி ஆட்டத்தின் இரு ஓட்டங்களும் அவர் அடியால் விளைந்தவையே.

1968இல் நியூயோர்க் மெட்ஸ் அணியின் முகாமையாளரானார். 1962இல் தோன்றிய ஆண்டிலேயே 120 தோல்விகளைக் கண்டு நகைப்புக்கிடமான அணி அது. அவ்வணியின் இளைஞர் ரொமி ஏஜி 1968இல் பெரிதும் தடுமாறி, ஐந்து ஹோம் ரன்களே அடித்தார். ஹொட்ஜஸ் அவரைக் கைவிட்டாரல்லர். அடுத்த ஆண்டில் ஏஜி 26 ஹோம் ரன்கள் அடித்தார். 21 வாய்ப்புகளின் வெறுமையை அறிந்தவர்க்கன்றி இத்தகைய பொறுமை எளிதில் வாய்க்குமோ என்று நான் வியப்பதுண்டு.

பேஸ்போலில் கடிகாரம் தோல்வியை முடிவுசெய்வதில்லை. இறுதி வீரர் ஆட்டமிழக்கும்வரை நம்பிக்கைக்கு இடமுண்டு. 1969 யூலை 8ஆம் திகதி, சிக்காகோ அணிக்கெதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் 1–3 எனப் பின்தங்கியிருந்த மெட்ஸ், மூன்று ஓட்டங்கள் பெற்று வென்றது. அன்று சமநிலைப்படுத்திய அடி கிளியோன் ஜோன்ஸ் என்னும் இளைஞருடையது. ஆயினும் அம்மாதம் 30ஆம் திகதி, அதே ஜோன்ஸ் பந்தைத் துரத்துவதில் சுணங்கியபோது, ஹொட்ஜஸ் மைதானத்தின் இடதுகோடிவரை தாமே நடந்துசென்று அவரை வெளியே அழைத்துவந்தார். பொறுமை வேறு, அசட்டை வேறு என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

அவ்வாண்டு மெட்ஸ் 100 ஆட்டங்களில் வென்று உலகத் தொடருக்கு முன்னேறியது. ஒக்டோபர் 16ஆம் திகதி, பால்ரிமோர் அணி 3–0 என முந்தியிருக்க, ஆறாவது, ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களில் ஓட்டங்களைச் சேர்த்து, 5–3 என வென்று பட்டத்தைச் சூடியது. இறுதிப் பந்தைப் பிடித்தவர் ஜோன்ஸ். யூலையில் தலைகுனிந்து நடந்த அதே இடதுகோடியில் நின்றே பிடித்தார்.

1972 ஏப்ரல் 2ஆம் திகதி, 48ஆவது பிறந்தநாளுக்கு இரு தினங்கள் முன்னதாக, ஹொட்ஜஸ் மாரடைப்பால் காலமானார். பேஸ்போல் புகழ்மண்டபம் அவருக்கு இடமளித்தது 2022இலேயே. அரை நூற்றாண்டு தாமதித்து வந்த அப்பெருமை, கடைசி இன்னிங்ஸில் வந்த வெற்றியைப்போல், அவருக்கு இயல்பாகவே பொருந்துகின்றது.