ரோசாப்பூ துரை

மதுரை யானைக்கல் பக்கம் பஸ்ல போறவங்க ஜார்ஜ் ஜோசப் சிலையைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. பேரைக் கேட்டா கேரளாக்காரர் மாதிரி இருக்கேன்னு தோணும். ஆமா, 1887ல் செங்கன்னூரில் பிறந்தவர்தான். எடின்பரோவில் தத்துவத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. 1909ல் நாடு திரும்பி, அப்புறம் மதுரையில் வக்கீல் தொழில் பார்த்தார்.

ஒரு சட்டம் சட்டமா இருந்தா மட்டும் போதுமா, நியாயமாவும் இருக்கணுமா? தத்துவ வகுப்பில் பரீட்சையோட முடிஞ்சுபோற கேள்வி. மதுரையில் அது அவர் வீட்டு வாசலுக்கே வந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம். நீ என்ன செஞ்சேன்னு அது கேட்காது, எந்த சாதியில் பிறந்தேன்னு மட்டும் பார்க்கும். பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்கணும். ராத்திரி வீட்டில் தூங்க முடியாது. போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோதான் படுக்கணும். வெளியூர் போக சீட்டு வாங்கணும். இதில் பெரிய கொடுமை என்னன்னா, ஒரு சாதியை இந்தப் பட்டியலில் சேர்த்த அறிவிப்பு செல்லுமா செல்லாதான்னு எந்த கோர்ட்டும் கேட்கக் கூடாதுன்னு அந்தச் சட்டத்திலேயே எழுதி வெச்சிருந்தாங்க. வக்கீல் நுழையவே முடியாதபடி கதவை உள்பக்கமா பூட்டின மாதிரி!

1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க.

ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக கோர்ட்டில் வாதாடினார். கோர்ட்டில் கேட்க முடியாததைப் பத்திரிகைகளில் எழுதினார். கோட்டில் எப்பவும் ரோஜாப்பூ குத்தியிருப்பாராம், அதனால் கள்ளர் நாட்டு மக்களுக்கு அவர் ரோசாப்பூ துரை. பிள்ளைகளுக்கு அந்தப் பேரையே வெச்சாங்க. துரைன்னா வெள்ளைக்காரன்னு இருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்ல.

ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலையே விட்டார், ஜெயிலுக்கும் போனார். 1924ல் வைக்கத்தில் கைதானார். இந்துக்கள் பிரச்சினை, நீங்க விலகிக்கோங்கன்னு காந்தி சொன்னது எனக்கு இன்னும் ஒப்பல. தெருவில் நடக்கிற உரிமைக்கு மதம் எதுக்கு? 1933ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜருக்காக வாதாடினார். காமராஜர் விடுதலையானார்.

1938 மார்ச் 5, மதுரையில் இறந்தார். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947ல்தான்.