பென்னிகுவிக்: மேற்கே போன ஆற்றைக் கிழக்கே திருப்பியவர்

ஜோன் பென்னிகுவிக் 1841இல் புனேயில் பிறந்த பிரித்தானியப் பொறியியலாளர். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே வைகைப் படுகை வறண்டு கிடந்தது. 1886இல் திருவிதாங்கூரின் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபா வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையானது. 1887இல் அணை வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது. காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர். அவர் விடவில்லை. 1895இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே வந்தது. 1911இல் இங்கிலாந்தில் காலமானார்.

தேனி விவசாயிகள் பொங்கலிட்டு இன்றும் அவரை நினைக்கிறார்கள்.

கர்க்லாண்டில் கணக்கெழுதும் எனக்குக் குத்தகைத் தொகை விளங்குகிறது. மாண்ட தொழிலாளரை எந்தப் பக்கத்தில் பதிவது? பெயரின்றிப் புதைந்தவர்களை நாமும் அறிவோம். அவர்களுக்கும் ஒரு பிடி பொங்கல் வைப்போம்.